‘நீர் போதுமா?’: ஒரு கேள்வியும் இருநூறு ஆண்டுகளும்

தமிழில் ‘நீர்நிலை’ என்றவுடன் குளமும் ஏரியுமே நினைவுக்கு வருகின்றன. ஆங்கில மருத்துவ வழக்கில் ‘ஃப்ளூயிட் ஸ்டேட்டஸ்’ எனப்படும் கருத்தைத் தமிழாக்க முற்படும் எவரும் இச்சொல்லருகே ஒரு கணம் தயங்கவே செய்வர். அந்தத் தயக்கம் பயனுடையது. ஏரிக்குக் கரையும் மதகும் அளவுகோலும் உண்டு. நீர் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரே பார்வையில் படித்துவிடலாம். உயிருக்குப் போராடும் நோயாளியின் உடலிலும் அத்தகைய ஒரே மட்டம் இருக்கிறது, தக்க கருவி கிடைத்தால் அதைப் படித்துவிடலாம் என்ற நம்பிக்கை மருத்துவ வரலாற்றில் நெடுங்காலம் நிலவியது. அது எங்கே தோன்றியது, எங்கே பலன் தந்தது, எங்கே தவறிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். அன்றாட வழக்கில் ‘அதிர்ச்சி’ மனத்தைச் சார்ந்தது. மருத்துவத்தில் அதே சொல், குருதியோட்டம் திசுக்களின் தேவைக்குப் போதாமல் போகும் நிலையைக் குறிக்கிறது. இரத்த அழுத்தம் சரிகிறது, கைகால்கள் குளிர்கின்றன, சிறுநீர் குறைகிறது, நினைவு மங்குகிறது. பெருங்குருதி இழப்பு, காலரா, இதயத் தளர்ச்சி, உடலெங்கும் பரவிய தொற்று எனக் காரணங்கள் வெவ்வேறாயினும் பெயர் ஒன்றே. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் லெ த்ரான் துப்பாக்கிக் காயங்கள் பற்றி எழுதிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியே ‘ஷாக்’ என்ற சொல் மருத்துவத்துக்குள் வந்ததாகக் கொள்வர். ஒரே பெயரின் கீழ்ப் பல நோய்கள் கூடிநின்றதால், ஒன்றுக்குப் பொருந்திய அளவை மற்றதற்கும் பொருந்தும் என்ற எண்ணம் எளிதாகத் தோன்றியது.

படுக்கையருகே நிற்கும் மருத்துவர் சில நிமிடங்களுக்குள் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்நோயாளிக்கு இன்னும் நீர் ஏற்றலாமா? குறைவாக ஏற்றினால் சிறுநீரகமும் மூளையும் பட்டினி கிடக்கும். மிகையாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். இரண்டு பிழைகளுமே உயிரைக் கொல்லக் கூடியவை.

1. காலரா கற்றுத் தந்தது

1831ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுக நகரைக் காலரா தாக்கியது. எடின்பரோவில் மருத்துவம் பயின்ற வில்லியம் புரூக் ஓஷானெசி என்ற இளைஞர் அங்குச் சென்று நோயாளிகளின் குருதியை வேதியியல் முறையில் ஆராய்ந்தார். குருதி தன் நீரில் பெரும்பகுதியையும் உப்புகளையும் இழந்திருந்தது. இழந்தவை கழிச்சலில் காணப்பட்டன. இழந்ததைச் சிரை வழியே திருப்பித் தரலாம் என்ற கருத்தை அவர் ‘லான்செட்’ இதழில் முன்வைத்தார். நோயின் கொடுமை ‘நஞ்சால்’ விளைவது என்று கருதிக் குருதியை வடித்துக்கொண்டிருந்த காலத்தில் இது முற்றிலும் வேறான பார்வை. ‘இழப்பு’ என்ற கணக்கு மருத்துவத்துக்குள் நுழைந்த தருணம் இது. ஓஷானெசி 1833இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேர்ந்து கல்கத்தா வந்தார். பிற்காலத்தில் இந்தியத் தந்தித் துறையை அமைத்தவராகவே அவர் பெரிதும் அறியப்பட்டார்.

அவருடைய கருத்தைச் செயலாக்கியவர் ஸ்காட்லாந்தின் லீத் நகர மருத்துவர் தாமஸ் லாட்டா. 1832ஆம் ஆண்டு மே மாதத்தில், கைவிடப்பட்ட நிலையிலிருந்த ஒரு மூதாட்டியின் சிரையில் உப்பு கலந்த நீரை அவுன்ஸ் அவுன்ஸாகச் செலுத்தினார். தொடக்கத்தில் மாற்றமில்லை. பிறகு மூச்சு சீரானது; குழிந்த கண்கள் ஒளி பெற்றன; காணாமற்போன நாடி திரும்பியது. அரை மணி நேரத்தில் ஆறு பைன்ட் நீர் ஏறியிருந்தது. நோயாளி தேறிவிட்டார் என்று நம்பி லாட்டா அகன்றார். வாந்தியும் கழிச்சலும் மீண்டன. சில மணி நேரத்தில் அவர் இறந்தார். மீண்டும் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பார் என்பதை லாட்டா உணர்ந்து, பின்வந்த நோயாளிகளுக்குத் தேவைப்பட்டபோதெல்லாம் திரும்பத் திரும்ப ஏற்றினார்.

லாட்டாவின் அளவை எது? கருவி ஏதுமில்லை. நாடியும் முகமும் தோலின் வெம்மையுமே அவருக்குச் சான்றுகள். அவை திரும்பும்வரை ஏற்றுவது, மறையும்போது மீண்டும் ஏற்றுவது என்பதே அவர் முறை. 1833இல் அவர் மறைந்தார். கொள்ளைநோய் தணிந்ததும் அம்முறையும் பெரும்பாலும் மறக்கப்பட்டது. நோய்நுண்மத் தூய்மை பற்றிய அறிவு அன்று இல்லை. ஏற்றிய நீரே தொற்றைக் கொணரக் கூடியதாக இருந்தது.

2. கல்கத்தாவின் கண்ணாடிக் குப்பிகள்

கேள்விக்கு எண்ணால் விடை தேடும் முயற்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் முழு உருப்பெற்றது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோய்க்கூறியல் பேராசிரியராக இருந்த லியனார்ட் ராஜர்ஸ், காலரா நோயாளிகள் சாதாரண உப்புநீரைப் பெற்றும் இறப்பதைக் கண்டார். ஏற்றிய நீர் குடலுக்குள் கசிந்து வெளியேறுவதால் அது தங்குவதில்லை என்று கருதி, உப்புச் செறிவு மிகுந்த கரைசலை 1908 அளவில் பயன்படுத்தத் தொடங்கினார். அங்கு முன்னர் நூற்றுக்கு ஏறத்தாழ 60ஆக இருந்த காலரா இறப்பு, அதன்பின் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

கரைசலைவிட இக்கட்டுரைக்கு முக்கியமானது அவருடைய அளவை முறை. கிளிசரினும் நீரும் வெவ்வேறு விகிதங்களில் கலந்த சிறு குப்பிகளை அவர் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் ஒப்படர்த்தியும் முன்னதைவிடச் சற்றுக் கூடுதல். நோயாளியின் விரலில் குத்தி எடுத்த ஒரு துளிக் குருதி ஒரு குப்பியில் மூழ்கினால் குருதி அக்கலவையைவிடக் கனமானது, மிதந்தால் இலேசானது. மூழ்காமலும் மிதக்காமலும் நின்ற குப்பியின் எண்ணே குருதியின் ஒப்படர்த்தி. நலமாக இருப்பவரின் குருதி 1.050க்கும் 1.060க்கும் இடையில் நிற்கும். காலராவில் நீர் வெளியேறி அணுக்கள் எஞ்சுவதால் அது 1.060ஐக் கடந்து ஏறும். எவ்வளவு ஏறியதோ அதற்கேற்ப நீர். இரத்த அழுத்தமானியும் உடன்சேர, ‘எப்போது ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது’ என்ற இரண்டுக்கும் எண்கள் கிடைத்தன.

இம்முறையின் அழகு அதன் எளிமையில் இருந்தது. எல்லையும் அங்கேயே இருந்தது. குருதி எவ்வளவு கெட்டியாகிவிட்டது என்பதை மட்டுமே குப்பிகள் சொல்லின. குப்பி காட்டிய எண் சீரான பிறகும் சிறுநீர் வராமலும் குருதியில் அமிலம் மிகுந்தும் சிலர் இறந்தனர். அமிலத் தேக்கத்தின் பங்கை மணிலாவில் ஆண்ட்ரூ செலர்ட்ஸ் எடுத்துக்காட்டினார். ராஜர்ஸும் பிறகு காரக் கரைசலைத் தம் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். கத்திக்குத்தில் குருதி வடிந்தவருக்கோ இக்குப்பிகள் உடனடியாக எதுவும் சொல்லா. அவர் நீரையும் அணுக்களையும் ஒருசேர இழப்பதால் எஞ்சிய குருதியின் ஒப்படர்த்தி முதலில் மாறுவதில்லை. உயிர் போகும் தறுவாயிலும் எண் இயல்பாகவே இருக்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது ராபர்ட் ஃபிலிப்ஸ், டொனால்ட் வான் ஸ்லைக் ஆகியோர் இதே கொள்கையை மயில்துத்தம் எனப்படும் காப்பர் சல்பேட் கரைசல் கொண்டு செம்மைப்படுத்தினர். போர்க்களத்துக்கும் எடுத்துச் செல்லத்தக்க அம்முறையை 1947இல் எகிப்தைக் காலரா தாக்கியபோது ஃபிலிப்ஸ் கெய்ரோவில் பயன்படுத்தினார். குருதிக் கொடை அளித்தவர்களுக்கு இது புதிதன்று. விரலில் எடுத்த துளியை நீலக் கரைசலில் விட்டு அது மூழ்குகிறதா என்று பார்க்கும் வழக்கம் இந்திய இரத்த வங்கிகளில் இன்றும் உண்டு. கல்கத்தாக் குப்பிகளின் வழித்தோன்றல் அது.

3. இழப்பை நேரே அளத்தல்

1960களில் டாக்கா, கல்கத்தா ஆய்வு மையங்களில் இன்னும் எளிய அளவை ஒன்று பயனுக்கு வந்தது. கட்டிலின் நடுவே ஒரு துளை. அதன் கீழ் அளவுக்கோடிட்ட வாளி. வாளியில் சேர்ந்த அளவு நீர் நோயாளிக்குத் திரும்பத் தரப்பட்டது. வங்கதேச விடுதலைப் போரின்போது, 1971இல், எல்லையோரப் போங்காவ் அகதி முகாமில் திலீப் மகலனபிஸ் சந்தித்த நெருக்கடியில் அதற்கும் வழியில்லை. சிரைவழி நீர் தீர்ந்துகொண்டிருந்தது. நோயாளிகள் தரையில் கிடந்தனர். உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்க அவர் முடிவு செய்தார். கடும் அதிர்ச்சியிலிருந்தவர்க்கு மட்டும் சிரைவழி நீர் ஒதுக்கப்பட்டது. முன்னர் நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு 3.6ஆகக் குறைந்ததாக அவர் பதிவு செய்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலராவில் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு ஒரே விடை பொருந்துகிறது. எவ்வளவு இழப்பு? ஏற்றினால் இதயம் கூடுதலாக இறைக்குமா? அதனால் நோயாளி பிழைப்பாரா? இதயமும் நாளங்களும் பெரும்பாலும் நலமாக இருக்க, நீர் மட்டும் வெளியேறிய நோய் அது. ஆகவே இழப்பை ஈடுசெய்தால் இறைப்பு மீள்கிறது. இறைப்பு மீண்டால் உயிர் மீள்கிறது. உடலை ஏரியாகக் கருதுவது காலராவில் ஏறத்தாழச் சரியே. பின்வந்தோர் அந்த வெற்றியை எல்லா அதிர்ச்சிகளுக்கும் உரியதாகக் கொண்டபோதுதான் சிக்கல் தொடங்கியது.

4. அழுத்தத்தின் காலம்

20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் உருவாயின. அங்குச் சேர்ந்தவர்களில் பலருக்கு அதிர்ச்சியின் காரணம் தொற்று. அந்நோயில் நீர் வெளியே கொட்டுவதில்லை. வாளி வைத்து அளக்க இயலாது. நாளங்கள் விரிவதால் இருக்கும் குருதியே போதாமல் போகிறது. நாளச் சுவர்கள் கசிவதால் ஏற்றிய நீரும் திசுக்களுக்குள் இறங்குகிறது. சிலருக்கு இதயமும் தளர்கிறது. இழப்பின் கணக்கு உடைந்த இடத்தில் அழுத்தத்தின் கணக்கு புகுந்தது. இதயத்தின் வாயிலில் உள்ள பெருஞ்சிரைக்குள் குழாய் செலுத்தி அங்குள்ள அழுத்தத்தை அளக்கும் முறை 1960களில் பரவியது. அழுத்தம் தாழ்ந்தால் ‘தொட்டி காலி’, உயர்ந்தால் ‘தொட்டி நிறைவு’ என்று அது படிக்கப்பட்டது.

1970இல் ஜெரெமி ஸ்வான், வில்லியம் கான்ஸ் ஆகியோர் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒரு புதிய குழாயை அறிவித்தனர். அதன் நுனியில் சிறு பலூன். கடற்கரையில் பாய்மரப் படகுகள் காற்றில் விரைவதைக் கண்டபோது ஸ்வானுக்கு அந்த எண்ணம் தோன்றியது. குருதியோட்டமே பலூனை இழுத்துச் சென்று நுரையீரல் நாளத்தில் நிறுத்தும். இதயத்தின் இடப்பக்க அழுத்தத்தை அங்கிருந்து மதிப்பிடலாம். சில பத்தாண்டுகளில் அக்குழாய் தீவிர சிகிச்சையின் அடையாளமாகவே ஆயிற்று. 1996இல் ஆல்ஃப்ரெட் கானர்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, ஒத்த நோய்நிலையினரை ஒப்பிட்டபோது குழாய் இட்டவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்ததைக் காட்டி அந்த நம்பிக்கையை அசைத்தது. அடுத்து வந்த சமவாய்ப்பு ஆய்வுகள் தீங்கை உறுதிசெய்யவில்லை, பயனையும் காட்டவில்லை.

எனினும் அழுத்த எண்ணின் செல்வாக்கு குன்றவில்லை. 2001இல் டெட்ராய்ட் நகரில் இமானுவேல் ரிவர்ஸ் 263 தொற்று அதிர்ச்சி நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், முதல் 6 மணி நேரத்துக்குள் குறிப்பிட்ட இலக்குகளை எட்டும்படி சிகிச்சை பெற்றவர்களிடையே மருத்துவமனை இறப்பு 46.5 விழுக்காட்டிலிருந்து 30.5 விழுக்காடாகக் குறைந்திருந்தது. இலக்குகளில் ஒன்று, பெருஞ்சிரை அழுத்தம் 8 முதல் 12 மி.மீ. வரை இருக்க வேண்டும் என்பது. உலகளாவிய வழிகாட்டு நெறிகளில் அந்த எண் இடம்பெற்றது.

5. எண்கள் மறுத்துப் பேசியபோது

2008இல் பால் மாரிக்கும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். நீர் ஏற்றினால் இதயத்தின் இறைப்பு கூடுமா என்பதை முன்கூட்டிச் சொல்வதில் பெருஞ்சிரை அழுத்தத்தின் திறன் 0.56. நாணயம் சுண்டிப் பார்த்தால் கிடைப்பது 0.50. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. அழுத்தம் நீரால் மட்டும் உயர்வதில்லை. இதயம் விறைத்திருந்தாலும் செயற்கைச் சுவாசக் கருவி மார்பை அழுத்தினாலும் உயரும். கருவி பொய் சொல்லவில்லை. அழுத்தம் எவ்வளவு என்ற கேள்விக்குச் சரியான விடையையே தந்தது. கேட்டவர்கள் அதை வேறொரு கேள்வியின் விடையாக எடுத்துக்கொண்டனர். 2014, 2015ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து உள்ளிட்ட நாடுகளில் நடந்த மூன்று பெரிய ஆய்வுகள், ரிவர்ஸின் இலக்குமுறை வழக்கமான கவனமான சிகிச்சையைவிடக் கூடுதல் உயிர்களைக் காப்பதில்லை என்று காட்டின.

இவற்றினும் ஆழமான கேள்வி ஆப்பிரிக்காவிலிருந்து எழுந்தது. கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் கேத்ரின் மெய்ட்லண்ட் தலைமையில் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வில் 3141 பிள்ளைகள் இடம்பெற்றனர். கடும் காய்ச்சலும் குருதியோட்டக் குறைவின் அறிகுறிகளும் உள்ளவர்கள். வயிற்றுப்போக்கால் நீரிழந்தவர்கள் சேர்க்கப்படவில்லை. ஒரு பகுதியினருக்கு நெறிமுறைகள் கூறியபடி விரைவாக நீர் ஏற்றப்பட்டது. மற்றவர்க்கு அன்றாடத் தேவைக்கான நீர் மட்டும். 48 மணி நேரத்துக்குள் இறந்தோர் விரைநீர் பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 10.5, பெறாதவர்களில் 7.3. ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது.

அதில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. முதல் மணி நேர முடிவில், விரைநீர் பெற்ற பிள்ளைகளிடையேதான் குருதியோட்ட அறிகுறிகள் கூடுதலாகச் சீரடைந்திருந்தன. அதன்பின் அவர்களே கூடுதலாக இறந்தனர். மிகுதியான இறப்புகளுக்கு நுரையீரலில் நீர் கோத்தது பெருங்காரணமன்று, குருதியோட்டம் மீண்டும் நிலைகுலைந்ததே காரணம் என்று பிந்திய பகுப்பாய்வு காட்டியது. லீத் நகரிலும் நாடி திரும்பிய பின்னரே நோயாளி இறந்தார். அங்கு நீரை நிறுத்தியது பிழை. இங்கு நீரைத் தந்ததே பிழை. கண்ட காட்சி ஒன்றாயினும் உள்ளே நிகழ்ந்தது வேறு. மலேரியாவும் கடும் இரத்தசோகையும் மலிந்த, செயற்கைச் சுவாச வசதியற்ற மருத்துவமனைகளின் முடிவை எல்லா இடங்களுக்கும் அப்படியே பொருத்த முடியாது என்பது உண்மையே. ஆனால் நீர் ஏற்றுவது தீங்கற்ற முதல் செயல் என்ற எண்ணத்தை அதன்பின் எவரும் ஆராயாமல் ஏற்க இயலவில்லை.

இந்திய மருத்துவமனைகளில் ஒவ்வொரு மழைக்காலத்தையும் ஒட்டி வரும் டெங்குவிலும் இதே பாடத்தைக் காணலாம். நாளக் கசிவால் குருதி கெட்டியாகும்போது அணுக்கன அளவு உயர்கிறது. 20 விழுக்காடு உயர்வு கசிவின் சான்றாகக் கொள்ளப்படுகிறது. கருத்தளவில் இது ராஜர்ஸின் குப்பியேதான். ஆனால் அந்த எண் சரியும்போது இரண்டு பொருள் கொள்ளலாம். கசிந்த நீர் நாளங்களுக்குத் திரும்புகிறது என்றால் ஏற்றுவதை உடனே நிறுத்த வேண்டும். உள்ளே எங்கோ குருதி வடிகிறது என்றால் குருதியே ஏற்ற வேண்டும். எண் ஒன்றாக இருக்கச் செயல் இரண்டாகப் பிரிகிறது. நாடி, வயிறு, காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பவற்றைக் கொண்டுதான் பிரித்தறிய முடியும்.

6. கேள்வியைப் பிரித்தல்

இன்றைய அணுகுமுறையின் சாரம் புதிய கருவியில் இல்லை. பழைய கேள்வியைப் பகுத்ததில் இருக்கிறது. ‘ஏற்றினால் இதயம் கூடுதலாக இறைக்குமா?’ என்பது தனிக் கேள்வி. படுத்திருப்பவரின் கால்களை 45 பாகை உயர்த்தினால் கால்களிலுள்ள குருதி இதயத்தை நோக்கி இறங்குகிறது. வெளியிலிருந்து ஒரு துளியும் ஏற்றாமல் நடத்தும் ஒத்திகை அது. அவ்வேளையில் இறைப்பு கூடுகிறதா என்று மீயொலிக் கருவியால் பார்க்கலாம். தீவிர சிகிச்சையில் இவ்வாறு சோதிக்கப்படுவோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் மட்டுமே நீருக்கு இணங்குகின்றனர்.

‘இணங்குவதால் ஏற்ற வேண்டுமா?’ என்பது இரண்டாம் கேள்வி. நலமாக இருப்பவரின் கால்களை உயர்த்தினாலும் இறைப்பு கூடவே செய்யும். அதனால் அவருக்கு நீர் தேவை என்று ஆகிவிடாது. இணக்கம் வேறு, தேவை வேறு. ‘ஏற்றினால் தாங்குவாரா?’ என்பது மூன்றாம் கேள்வி. நுரையீரலும் சிரைகளும் அதற்கு விடை சொல்கின்றன.

தேவையை அறியும் முயற்சியில் மருத்துவம் மீண்டும் விரல் நுனிக்குத் திரும்பியிருக்கிறது. 2019இல் வெளிவந்த ஆண்ட்ரோமெடா ஆய்வில் தென்னமெரிக்காவின் 5 நாடுகளில் 424 நோயாளிகள் இடம்பெற்றனர். ஒரு பிரிவில் குருதியின் லாக்டேட் அளவு சிகிச்சைக்கு வழிகாட்டியது. மறு பிரிவில், விரல் நுனியைக் கண்ணாடித் தகட்டால் 10 நொடி அழுத்தி விட்டபின் நிறம் 3 நொடிக்குள் திரும்புகிறதா என்பது வழிகாட்டியது. 28 நாள்களில் இறப்பு முறையே 43.4, 34.9 விழுக்காடு. புள்ளியியல் உறுதியின் எல்லையை அவ்வேறுபாடு எட்டவில்லை. ஆகவே விரல் வென்றது என்று கூற இயலாது. ஆய்வகச் சோதனைக்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று என்று எண்ண இடமுண்டு.

இதிலிருந்து ‘கருவி தீது, கண் நன்று’ என்று முடிவு கட்டுவது பிழையாகும். லாட்டாவின் கண்ணுக்கும் எல்லை இருந்தது. ஆப்பிரிக்கப் பிள்ளைகளிடம் சீரடைந்து காணப்பட்டவையும் கண்ணால் கண்ட அறிகுறிகளே. கல்கத்தாவின் குப்பிகள் ஆயிரக்கணக்கானோரைக் காத்தன. கேட்ட கேள்வியும் நோயின் இயல்பும் அங்கே பொருந்தியிருந்தன. பெருஞ்சிரைக் குழாய் ஏமாற்றியதற்குக் காரணம் அந்தப் பொருத்தம் சோதிக்கப்படாமையே. ‘ஷாக்’ என்ற ஒற்றைச் சொல் பல நோய்களை ஒன்றாக்கியது. ‘ஸ்டேட்டஸ்’ என்ற ஒற்றைச் சொல் பல கேள்விகளை ஒன்றாக்கியது. சொற்கள் செய்த இந்த இணைப்பைப் பிரித்தெடுக்க மருத்துவத்துக்குப் பல பத்தாண்டுகளும் பல உயிர்களும் தேவைப்பட்டன.

தமிழில் மருத்துவக் கலைச்சொற்களை ஆக்குவோர்க்கு இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து ‘நீர்நிலை’ என்று நிறுத்தாமல், நீரிழப்பு, நீரிணக்கம், நீர்த்தேவை, நீர்த்தாங்குதிறன் என நான்காகப் பிரித்து வழங்கலாம். நான்குக்கும் வெவ்வேறு பெயர் கற்ற மாணவர், படுக்கையருகே நின்று ஓர் எண்ணைப் படிக்கும்போது, அது இவற்றுள் எதற்கு விடை என்று தம்மையே கேட்டுக்கொள்வார். அடுத்த புட்டியைத் தொங்கவிடுமுன் அந்தக் கேள்விக்குச் செலவாகும் நேரம் சில நொடிகளே.